பல்லுறுப்புக் கோவைகளைக் கழிப்பதும் ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்கணிதம் சொல்லிக் கொடுக்கும்போது திரும்பத் திரும்ப என் காதில் விழும் கேள்விகள் இவை. பெரும்பாலும் மாணவர்கள் கேட்டவை, சில பெற்றோர் கேட்டவை. கூட்டலில் தடுமாறாத பிள்ளைகூட அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு மைனஸ் வந்ததும் நின்றுவிடுகிறது. அந்த ஒரு குறியை நன்றாகப் புரிந்துகொண்டால் மீதிப் பாதை எளிது. ஆகவே அந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பாடநூலில் எக்ஸ், ஒய் என்றுதானே வரும்? இங்கே ஏன் க, ப?

மாறிக்கு எந்த எழுத்தையும் வைக்கலாம் என்பதைக் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான். எக்ஸ் என்ற எழுத்தில் எந்த மந்திரமும் இல்லை. அது இன்னும் நமக்குத் தெரியாத, அல்லது எந்த மதிப்பையும் ஏற்கக்கூடிய ஓர் எண்ணுக்கு வைத்த பெயர். அதே வேலையை க செய்யும், ப செய்யும். உங்கள் நோட்டில் எக்ஸ், ஒய் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு விடைகூட மாறாது.

உறுப்பு, கெழு, மாறி, மாறிலி, படி: இவை என்னென்ன?

5க² − 3க + 7 என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். இதில் மூன்று உறுப்புகள்: 5க², −3க, 7. உறுப்புக்கு முன்னால் உள்ள குறியும் அந்த உறுப்பைச் சேர்ந்ததுதான். இரண்டாவது உறுப்பு 3க அல்ல, −3க. இதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிறைய உதவும்.

மாறியைப் பெருக்கி நிற்கும் எண் கெழு. இங்கே கெழுக்கள் 5, −3. மாறி இல்லாமல் தனியாக நிற்கும் 7 மாறிலி. மாறியின் தலையில் உள்ள சின்ன எண் அடுக்கு. கோவையிலேயே மிகப் பெரிய அடுக்கு அதன் படி. இந்தக் கோவையின் படி 2. அடுக்குகள் எல்லாம் 0, 1, 2, 3 என முழு எண்களாக இருந்தால்தான் அது பல்லுறுப்புக் கோவை. 3/க என்பதில் மாறி பகுதியில் இருப்பதால் அது பல்லுறுப்புக் கோவை ஆகாது. க/3 ஆகும், ஏனென்றால் அதன் கெழு 1/3, அவ்வளவுதான்.

எவை ஒத்த உறுப்புகள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கெழுவைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் பாருங்கள். மீதி அப்படியே ஒன்றாக இருந்தால் ஒத்த உறுப்புகள். 4க², −9க² இரண்டிலும் மீதி க². ஆகவே ஒத்தவை. 4க², 4க இரண்டுக்கும் கெழு ஒன்றுதான், ஆனால் மீதி வேறு. ஒத்தவை அல்ல.

இரண்டு மாறிகள் வரும்போது ஒரு நுணுக்கம் உண்டு. 3க²ப, −7பக² இரண்டும் ஒத்தவை, ஏனென்றால் பெருக்கலில் வரிசை முக்கியமில்லை. ஆனால் 3க²ப, 3கப² ஒத்தவை அல்ல. முதலாவதில் வர்க்கம் க-வின் தலையில், இரண்டாவதில் ப-வின் தலையில். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தாலும் க = 3, ப = 2 என்று போட்டால் ஒன்று 54, மற்றது 36.

மாறிலிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்தவையே.

5க + 3 என்பதை 8க என்று எழுதினால் என்ன தவறு?

க = 10 என்று வைத்துப் பாருங்கள். 5க + 3 என்பது 53. 8க என்பது 80. இரண்டும் ஒன்றல்ல.

இந்தத் தவறு கவனக்குறைவால் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்கணிதத்தில் இத்தனை ஆண்டுகள் ஒவ்வொரு கணக்கும் ஒற்றை எண்ணில் முடிந்தது. 5 + 3 என்று விட்டுவந்தால் "கணக்கை முடிக்கவில்லை" என்று திருத்தினோம். அதே பிள்ளை இப்போது 5க + 3 என்பதைப் பார்த்ததும் இன்னும் முடியவில்லை என்று நினைத்து முடிக்கப் பார்க்கிறது. இயற்கணிதத்தில் 5க + 3 என்பதே முழுமையான விடை. கூட்டல் குறி நடுவில் இருப்பது குறை அல்ல.

க-வையும் க²-ஐயும் ஏன் சேர்க்கக்கூடாது? இரண்டும் க தானே?

இதற்கு நமக்கு ஏற்கெனவே பழக்கமான ஒன்றிலேயே பதில் இருக்கிறது: இட மதிப்பு. 352 என்ற எண்ணை 3 நூறு, 5 பத்து, 2 ஒன்று என்று பிரிக்கிறோம். 10-ஐ க என்று அழைத்தால் அது 3க² + 5க + 2. நூறும் பத்தும் 10-இலிருந்தே பிறந்தவைதான். அதற்காக 3 நூறையும் 5 பத்தையும் கூட்டி 8 நூறு என்றோ 8 பத்து என்றோ யாரும் சொல்வதில்லை. நூறோடு நூறு, பத்தோடு பத்து. க²-ஓடு க², க-வோடு க.

இந்த ஒப்புமையை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகலாம். 352 − 121 = 231. கோவையாக எழுதினால் (3க² + 5க + 2) − (க² + 2க + 1) = 2க² + 3க + 1. க = 10 என்றால் அதே 231.

இப்போது 352 − 168. எண்ணாகக் கழிக்கும்போது 2-இலிருந்து 8 போகாது, பக்கத்தில் கடன் வாங்குவோம். கோவையில் கடன் வாங்குவதே கிடையாது. (3க² + 5க + 2) − (க² + 6க + 8) என்பதில் 3 − 1 = 2, 5 − 6 = −1, 2 − 8 = −6. விடை 2க² − க − 6. கெழு குறை எண்ணாக வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அப்படியே எழுதுவோம். க = 10 என்று போட்டால் 200 − 10 − 6 = 184. 352 − 168 என்பதும் 184 தான். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. கடன் வாங்காத கழித்தல் என்று பார்த்தால், நாம் சின்ன வகுப்பில் கற்ற கழித்தலைவிட இது எளிது. கடன் வாங்க முடியாததற்குக் காரணமும் உண்டு: ஒரு க²-ஐ உடைத்தால் எத்தனை க கிடைக்கும் என்பது க-வின் மதிப்பு தெரிந்தால்தானே தெரியும்?

"5 பேனாவையும் 3 பென்சிலையும் சேர்க்க முடியாது, அதுபோல" என்று சொல்லிக் கொடுக்கலாமா?

முதல் நாள் சொல்லலாம், அதையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அப்படிக் கற்ற பிள்ளை க என்பதை ஒரு பொருளாக நினைக்கத் தொடங்கிவிடும். பிறகு க² என்றால் என்ன? பேனா பெருக்கல் பேனாவா? கப என்றால்? எழுத்து குறிப்பது பொருளை அல்ல, எண்ணை.

சரியான காரணம் பங்கீட்டுப் பண்பு. 5க + 3க = (5 + 3)க = 8க. பொதுவாக உள்ள க-வை வெளியே எடுக்கிறோம், உள்ளே எண்கள் மட்டும் மிஞ்சுகின்றன, அவற்றைக் கூட்டுகிறோம். 5க² + 3க என்பதில் க-வை வெளியே எடுத்தால் (5க + 3)க என்று வருகிறது. உள்ளே இன்னும் மாறி ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஓர் எண்ணாகச் சுருங்கவில்லை. ஒத்த உறுப்புகள் மட்டுமே சேரும் என்ற விதிக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

4க² + 3க² என்பது 7க⁴ ஆகாதா? அடுக்குகளைக் கூட்ட வேண்டாமா?

ஆகாது. அடுக்குகளைக் கூட்டுவது பெருக்கலில்: 4க² × 3க² = 12க⁴. கூட்டலிலும் கழித்தலிலும் கெழு மட்டுமே மாறும், மாறியும் அடுக்கும் அப்படியே நிற்கும். 4 நூறும் 3 நூறும் சேர்ந்தால் 7 நூறு, பத்தாயிரங்கள் ஆவதில்லை.

கெழுவே இல்லாத உறுப்பு வந்தால்?

கெழு இல்லாமல் இல்லை, 1 என்பதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். க என்றால் 1க, −க என்றால் −1க. 5க − க = 4க. "5க-வில் க-வை எடுத்துவிட்டால் 5" என்று எழுதுபவர்கள் எழுத்தை அழிப்பதைக் கழித்தல் என்று நினைக்கிறார்கள். குழப்பம் தீரும் வரை அந்த 1-ஐ எழுதியே போடுங்கள்.

அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருந்தால் உள்ளே எல்லாக் குறிகளும் ஏன் மாறுகின்றன?

"குறியை மாற்றிக் கூட்டு" என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் அமைதி. எண்களில் தொடங்குவோம்.

20 மீட்டர் நீளமுள்ள ஒரு கயிறு. அதிலிருந்து 8 மீட்டரும் பிறகு 3 மீட்டரும் வெட்டி எடுக்கிறோம். 20 − (8 + 3). மீதி 9. அதாவது 20 − 8 − 3. உள்ளே இருந்த + 3 வெளியே வரும்போது − 3 ஆகிவிட்டது. 3 மீட்டரையும்தானே எடுக்கிறோம், இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போது 8 மீட்டர் வெட்ட நினைத்து, கடைசி நேரத்தில் அதில் 3 மீட்டர் குறைத்துக்கொள்கிறோம். 20 − (8 − 3). வெட்டியது 5, மீதி 15. முதலில் 8-ஐ எடுத்திருந்தால் 12 தான் மிஞ்சியிருக்கும். எடுப்பதில் 3 குறைந்ததால் மீதியில் 3 கூடியது. ஆகவே 20 − 8 + 3. உள்ளே இருந்த − 3 வெளியே + 3. எடுப்பது குறைந்தால் இருப்பது கூடும். இந்த ஒரு வரி பிடிபட்டால் மனப்பாடம் தேவையில்லை.

இதையே இயற்கணித மொழியில் சொன்னால்: அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் மைனஸ் என்பது −1 ஆல் பெருக்குவது. பங்கீட்டுப் பண்பின்படி அந்த −1 உள்ளே உள்ள ஒவ்வோர் உறுப்பையும் பெருக்கும், முதல் உறுப்பை மட்டும் அல்ல. −(3க² − 6க + 11) = −3க² + 6க − 11. இப்படிக் கிடைப்பதற்கு மூலக் கோவையின் கூட்டல் நேர்மாறு என்று பெயர். இரண்டையும் கூட்டினால் பூச்சியம் வரும். ஒரு கோவையைக் கழிப்பதும் அதன் கூட்டல் நேர்மாறைக் கூட்டுவதும் ஒன்றே.

ஒரு முழுக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டுங்கள்.

(7க² − 4க + 9) − (3க² − 6க + 11)

முதல் அடைப்புக்குறிக்கு முன்னால் எதுவும் இல்லை, அதை அப்படியே நீக்கலாம். இரண்டாவதில் மூன்று குறிகளும் மாறும்:

7க² − 4க + 9 − 3க² + 6க − 11

ஒத்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவருவோம். நகர்த்தும்போது ஒவ்வோர் உறுப்பும் தன் குறியையும் கையோடு எடுத்துச் செல்லும்:

7க² − 3க² − 4க + 6க + 9 − 11

= 4க² + 2க − 2

வழக்கமான தவறு எப்படி வரும் என்றும் பாருங்கள். மைனஸை முதல் உறுப்போடு நிறுத்திவிட்டால் 7க² − 4க + 9 − 3க² − 6க + 11 = 4க² − 10க + 20 என்று வரும். க² சரியாக வந்திருக்கிறது, மற்ற இரண்டும் தவறு. க² மட்டும் சரியாக, மற்றவை எல்லாம் பிசகிய விடையைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது இந்தத் தவறைத்தான்.

விடை 4க² + 2க − 2 என்றால் 2-ஆல் வகுத்து 2க² + க − 1 என்று சுருக்கலாமா?

கூடாது. சமன்பாட்டில் இருபுறத்தையும் ஒரே எண்ணால் வகுக்கலாம், சமநிலை கெடாது. இங்கே சமன்பாடு இல்லை, இருப்பது ஒரு கோவை. அதை 2-ஆல் வகுத்தால் அதன் மதிப்பு பாதியாகிவிடும். 2(2க² + க − 1) என்று காரணிப்படுத்தி எழுதினால் சரி. இதேபோல, கழித்து முடித்த கோவைக்குப் பக்கத்தில் "= 0" போட்டு க-வின் மதிப்பைத் தேடுகிறவர்களும் உண்டு. கேட்காத கேள்விக்கு விடை எழுத வேண்டாம்.

பக்கவாட்டில் எழுதுவது நல்லதா, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவது நல்லதா?

இரண்டும் ஒரே விடையைத் தரும். உறுப்புகள் அதிகமானால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவதையே நான் விரும்புவேன், ஆனால் ஒரு நிபந்தனை: விடுபட்ட படிக்கு 0 போட்டு இடம் விட வேண்டும். (5க³ − 2க + 8) − (க³ + 4க² − 7) என்ற கணக்கில் முதல் கோவையில் க² இல்லை, இரண்டாவதில் க இல்லை. அதனால்:

5க³ + 0க² − 2க + 8
−க³ − 4க² + 0க + 7
விடை: 4க³ − 4க² − 2க + 15

இரண்டாவது வரியைக் குறி மாற்றியே எழுதிவிட்டேன் என்பதைக் கவனியுங்கள். பழைய குறியை வைத்துக்கொண்டு அதன் கீழே சின்னதாக மாற்றுக் குறி போடும் பழக்கமும் உண்டு. அது தவறல்ல, ஆனால் அவசரத்தில் எந்தக் குறி பழையது, எது புதியது என்று குழம்பும். குறி மாற்றிப் புதிதாக ஒரு வரி எழுத அரை நிமிடம்கூட ஆகாது.

இரண்டு கோவைகளையும் முதலில் படியின் இறங்கு வரிசையில் அமைத்துக்கொள்ளுங்கள். கேள்வியில் அவை கலைந்து கிடந்தாலும் கிடக்கலாம்.

"இதிலிருந்து அதைக் கழி" என்றால் எதை முதலில் எழுதுவது?

எது வாக்கியத்தில் முதலில் வருகிறது என்று பார்க்காதீர்கள், வேற்றுமை உருபைப் பாருங்கள். தமிழில் சொற்களின் இடத்தை மாற்றினாலும் பொருள் மாறாது. "6க + 1 என்பதிலிருந்து 2க − 5 என்பதைக் கழிக்க" என்றும் கேட்கலாம், "2க − 5 என்பதை 6க + 1 என்பதிலிருந்து கழிக்க" என்றும் கேட்கலாம். இரண்டும் ஒரே கணக்கு. "இலிருந்து" ஒட்டியது முன்னால், "ஐ" ஒட்டியது மைனஸுக்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள். (6க + 1) − (2க − 5) = 4க + 6. மாற்றி எழுதியவருக்கு −4க − 6 வரும். விடை எல்லாக் குறிகளும் தலைகீழாக வந்திருந்தால் வரிசையை மாற்றிவிட்டோம் என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

சற்றுச் சுற்றி வளைத்துக் கேட்பதும் உண்டு. "3க² + க − 4 உடன் எதைக் கூட்டினால் க² + 5க + 2 கிடைக்கும்?" கூட்டினால் என்ற சொல்லைப் பார்த்துக் கூட்டிவிடக்கூடாது. 3 உடன் எதைக் கூட்டினால் 10 என்று கேட்டால் 10 − 3 என்போம் அல்லவா? ஆகவே (க² + 5க + 2) − (3க² + க − 4) = −2க² + 4க + 6.

இதற்கு நேரெதிர்: "எதிலிருந்து 2க − 5 என்பதைக் கழித்தால் 6க + 1 கிடைக்கும்?" இங்கே கூட்ட வேண்டும். விடை 8க − 4. சந்தேகம் வந்தால் கோவைகளுக்குப் பதில் சின்ன எண்களைப் போட்டு அதே வாக்கியத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

−3க − 4க என்பது +7க தானே? மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்?

இல்லை, −7க. "மைனஸ் மைனஸ் பிளஸ்" என்ற வாய்ப்பாடு பெருக்கலுக்கு உரியது. −3க, −4க இரண்டையும் இங்கே பெருக்கவில்லை, சேர்க்கிறோம். 3 எடுத்தோம், இன்னும் 4 எடுத்தோம், மொத்தம் 7 எடுத்திருக்கிறோம். ஆனால் −3க − (−4க) என்றால் எடுப்பதே குறை எண்; அது −3க + 4க = க. இரண்டு மைனஸ்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றனவா, நடுவில் உறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டுக்கொண்டு நின்றால் மட்டுமே பிளஸ்.

இரண்டு மாறிகள் வந்தால் முறை மாறுமா?

மாறாது. (4க² − 3கப + 5ப²) − (க² + 2கப − ப²) = 3க² − 5கப + 6ப². மூன்று இனங்கள், மூன்று கழித்தல்கள். கடைசியில் 5 − (−1) = 6 என்பதை மட்டும் கவனியுங்கள்.

அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அல்லது முன்னால் ஓர் எண்: அப்போது?

உள்ளிருந்து வெளியே வாருங்கள். 5க − [2க − (3 − 4க) + 6] என்பதில் முதலில் உள் அடைப்பு: −(3 − 4க) = −3 + 4க. அதனால் சதுர அடைப்புக்குள் 2க − 3 + 4க + 6 = 6க + 3. பிறகு 5க − (6க + 3) = −க − 3. நடுவிலேயே சுருக்கிக்கொண்டால் வெளியே வரும்போது மாற்ற வேண்டிய குறிகள் குறையும்.

முன்னால் எண் இருந்தால் குறியோடு சேர்த்தே பெருக்குங்கள். 3க² − 2(க² − 5க + 1) என்பதில் உள்ளே போவது 2 அல்ல, −2. 3க² − 2க² + 10க − 2 = க² + 10க − 2.

மூன்று கோவைகள் வந்தால், மைனஸ் தனக்கு அடுத்த அடைப்புக்குறியை மட்டுமே தொடும். அதற்குப் பின்னால் + போட்டு வரும் அடைப்புக்குள் குறிகள் மாறாது.

பின்னக் கெழுக்கள்?

அதே விதி, வேலை மட்டும் பின்னக் கணக்கில். (3/4)க − (1/6)க = (9/12)க − (2/12)க = (7/12)க.

கழித்தால் படி குறையுமா?

குறையலாம், ஆனால் இரண்டு கோவைகளில் பெரிய படியைத் தாண்டாது. (2க³ + க) − (2க³ − 5) = க + 5. படி 3-இலிருந்து 1-க்கு இறங்கிவிட்டது, ஏனென்றால் பெரிய உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டன. ஒரு கோவையை அதிலிருந்தே கழித்தால் 0 வரும். அதற்குப் பூச்சியப் பல்லுறுப்புக் கோவை என்று பெயர். அதன் படியை வரையறுப்பதில்லை.

விடை சரியா என்று நானே எப்படிச் சரிபார்ப்பது?

இரண்டு வழிகள். முதலாவது, கூட்டிப் பார்ப்பது. விடையோடு கழித்த கோவையைக் கூட்டினால் முதல் கோவை திரும்ப வர வேண்டும். மேலே செய்த கணக்கில் (4க² + 2க − 2) + (3க² − 6க + 11) = 7க² − 4க + 9. வந்துவிட்டது.

இரண்டாவது, ஓர் எண்ணைப் பிரதியிடுவது. இதில் எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது முக்கியம். 0 போட்டால் மாறிலி மட்டுமே சோதிக்கப்படும். 1 போட்டால் க, க², க³ எல்லாமே 1. அடுக்கில் செய்த தவறு ஒளிந்துகொள்ளும். 2-உம் அவ்வளவு நல்லதல்ல: க² என்பதும் 2க என்பதும் அங்கே 4 தான், இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 3 அல்லது 10 போடுங்கள். க = 3 என்றால் முதல் கோவை 63 − 12 + 9 = 60, இரண்டாவது 27 − 18 + 11 = 20, வித்தியாசம் 40. நம் விடை 36 + 6 − 2 = 40. அந்தத் தவறான விடை 4க² − 10க + 20 என்பதில் போட்டால் 26 வரும், மாட்டிக்கொள்ளும்.

ஓர் எண்ணில் ஒத்துப்போனால் விடை கட்டாயம் சரி என்று ஆகிவிடாது, நம்பிக்கை கூடும். உறுதி வேண்டுமென்றால் ஓர் அழகான உண்மை இருக்கிறது: படி 2-க்கு மிகாத இரண்டு கோவைகள் மூன்று வெவ்வேறு மதிப்புகளில் ஒத்துப்போனால் அவை ஒரே கோவைதான். படி 3 என்றால் நான்கு மதிப்புகள். இரண்டு கோவைகளின் வித்தியாசம் பூச்சியக் கோவை இல்லையென்றால், அதன் மதிப்பைப் பூச்சியமாக்கும் எண்கள் அதன் படியைவிட அதிகமாக இருக்க முடியாது என்பதுதான் காரணம். பாருங்கள், அங்கேயும் கழித்தல்தான் வந்து நிற்கிறது.

இந்த விதிகள் எப்போதிருந்து இருக்கின்றன?

பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டில் எழுதிய பிராம்மஸ்புட சித்தாந்தத்திலேயே இது இருக்கிறது. அறியாத எண், அதன் வர்க்கம், கனம் ஆகியவற்றில் ஒரே இனத்தவற்றையே கூட்டவும் கழிக்கவும் முடியும், வேறு இனத்தவற்றைத் தனித்தனியே வைக்க வேண்டும் என்கிறார். குறை எண்களைக் கழிக்கும் விதிகளையும் அவர் தந்திருக்கிறார். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் அல்-ஜபர், அல்-முகாபலா என்று இரண்டு சொற்கள் வருகின்றன. முதல் சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயர் பிறந்தது. இரண்டாவது சொல், சமன்பாட்டின் இருபுறமும் உள்ள ஒத்த உறுப்புகளை ஒன்றுக்கொன்று கழித்து நீக்குவதைக் குறிக்கும்.

12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் பீஜகணிதத்தில் அறியாத எண்களுக்கு யா, கா, நீ, பீ என்று எழுத்துகளை வைத்தார். யா என்பது யாவத்தாவத், அதாவது "எவ்வளவோ அவ்வளவு". கா, நீ, பீ மூன்றும் கருப்பு, நீலம், மஞ்சள் ஆகிய நிறங்களின் சமஸ்கிருதப் பெயர்களின் முதலெழுத்துகள். குறை எண்ணுக்குத் தலையில் ஒரு புள்ளி. + − குறிகள் அச்சில் வந்தது 1489-இல், யோகானஸ் விட்மனின் நூலில். எக்ஸ், ஒய் வழக்கம் டேகார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலிலிருந்து பரவியது.

இதைப் பிறகு எங்கே பயன்படுத்துவோம்?

சமன்பாடு தீர்க்கும் ஒவ்வொரு முறையும். நீள் வகுத்தலில் இன்னும் அதிகம்: க² + 5க + 6 என்பதை க + 2 ஆல் வகுக்கும்போது முதல் படியிலேயே க² + 5க என்பதிலிருந்து க² + 2க என்பதைக் கழித்து 3க என்று எழுதுகிறோம். வகுத்தல் தெரியவில்லை என்று வரும் பிள்ளைகள் சிலருக்கு வகுத்தல் நன்றாகவே தெரியும், நடுவில் வரும் கழித்தலில்தான் குறி நழுவுகிறது.

எனக்குப் பிடித்த இன்னொரு பயன்: அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். (க + 1)² − க² = க² + 2க + 1 − க² = 2க + 1. ஒரே ஒரு ஜோடி ஒத்த உறுப்பு நீங்கியதும், அடுத்தடுத்த வர்க்கங்களின் வித்தியாசம் எப்போதும் ஒற்றைப்படை எண் என்பது தெரிந்துவிடுகிறது. 25 − 16 = 9, 100 − 81 = 19. எத்தனை எண்களைப் போட்டுப் பார்த்தாலும் கிடைக்காத "எப்போதும்" என்ற சொல் இங்கே இரண்டு வரியில் கிடைக்கிறது.

போட்டுப் பார்க்க சில கணக்குகள் கொடுங்களேன்.

1. (9க − 4) − (5க − 10)
2. (க³ − 6க + 2) − (க³ + 3க² − 6க)
3. 8ப − 3(2ப − க) + 4க
4. 2க² + க, க² − 3க + 5 ஆகியவற்றின் கூடுதலிலிருந்து 4க² − 2க + 5 என்பதைக் கழிக்க.
5. ஒரு முக்கோணத்தின் சுற்றளவு 12க − 3. இரண்டு பக்கங்கள் 4க + 1, 5க − 6. மூன்றாவது பக்கம் என்ன?

விடைகள்: முதலாவது 4க + 6. இரண்டாவது −3க² + 2. மூன்றாவது 2ப + 7க. நான்காவது −க², ஒரே ஓர் உறுப்பு மிஞ்சுவதைப் பார்த்து எங்கோ பிசகிவிட்டோம் என்று அழித்துவிடாதீர்கள். ஐந்தாவது 3க + 2. க = 3 என்று வைத்தால் பக்கங்கள் 13, 9, 11. கூட்டினால் 33. சுற்றளவு 12 × 3 − 3 என்பதும் 33.